மதகைத் தாண்டிய சிவப்புக் கோடு

கொன்றைத்தாங்கல் காலனி,
16.6.2003

டீச்சரம்மாவுக்கு,

என் பேரு சடையப்பன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்றத என் மருமக வசந்தா எழுதறா. நலமான்னு கேட்டு ஆரம்பிக்கணும்னு சொன்னா. அதெல்லாம் வேணாம்னுட்டேன். நலம் கேக்கற மாதிரி நான் இல்ல.

பொங்கல் கழிச்சு நீங்க டவுன்ஷிப் ஸ்கூல் பஸ்ஸுல பிளஸ் ஒன் பசங்களக் கூட்டினு எங்க ஊருக்கு வந்தீங்க. கழுத்துல அட்டை, கையில நோட்டு. இன்னா படிப்புடா இதுன்னு ஒரு பையனைக் கேட்டேன். ஜனங்க எப்பிடி ஒண்ணா வாழறாங்கன்னு படிக்கிறதுக்குப் பேரு சமூகவியல்னு சொன்னான். ஒண்ணா வாழறத எங்க பாத்தியோ அங்க போய்ப் படின்னு மனசுக்குள்ள நெனச்சுகினேன்.

இப்ப ஸ்கூல் தொறந்ததும் வசந்தா சின்னதச் சேக்கறதுக்கு எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்குப் போனா. அங்க சுவத்துல கண்ணாடி போட்டு, நீங்க குடுத்த எங்க ஊரு படம் தொங்குதாம். ஏரி, கோயிலு, பால் சொசைட்டி, எங்க காலனி, எல்லாம் சரியாக் கீதாம். அப்பால 'பொன்னியம்மன் ஆடி ஊர்வலப் பாதை'ன்னு ஒரு சிவப்புக் கோடு. கோயில்ல ஆரம்பிச்சு, ஊருத்தெரு சுத்தி, மதகைத் தாண்டி, எங்க காலனிக்குள்ள பூந்து, என் வூட்டாண்ட வளைஞ்சு திரும்பிப் போவுதாம்.

எந்த வருஷம் வந்துது டீச்சரம்மா? யாரு பாத்தது? எனக்கு எம்பதுக்கு மேல ஆவுது. என் கண்ணு இன்னும் நல்லாக் கீது. பொன்னியம்மன் ஒரு தபா கூட மதகைத் தாண்டல. நடக்காதத நடந்துச்சுன்னு சுவத்துல மாட்டிட்டுப் போயிட்டீங்க. நாளைக்கு என் பேத்தி அதைப் படிச்சுட்டு, தாத்தா பொய் சொல்றான்னு சொல்லும்.

அந்தக் கோட்ட அழிங்க.

சடையப்பன் (கைநாட்டு)


கல்பாக்கம்,
25.6.2003

பெரியவர் சடையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளி திறந்த வேலைகளால் பதில் தாமதம்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கோடு என் மாணவர்கள் கற்பனையில் போட்டதல்ல. பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டராமன் அவர்கள்தான் திருவிழாவையும் நடத்துகிறார் என்பதால் அவரைப் பேட்டி எடுத்தோம். அனு என்ற மாணவி, சாமி எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று கேட்டாள். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தபடியே, "எல்லாத் தெருவுக்கும் போகும்மா. நம்ம ஊர்ல வித்தியாசமே கிடையாது" என்றார். இருபது பிள்ளைகளும் அதை எழுதிக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பிப்ரவரியில் உங்கள் ஊர்ப் பள்ளியில் மாட்டியபோது அவரே மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனு உங்கள் தெருவுக்கும் வந்தாள். உங்களிடமே கேட்டாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, தலைவரப் போய்க் கேளு" என்று திருப்பி அனுப்பியது நீங்கள்தான். அவள் நோட்டில் உங்கள் பெயரோடு இருக்கிறது. அன்றைக்கு வாய் திறக்காதவர் இன்று எங்களைப் பொய்யர்கள் என்பது நியாயமா?

எங்கள் பள்ளியில் இந்தப் பாடம் போன வருடம்தான் தொடங்கியது. சயின்ஸ் கிடைக்காத பிள்ளைகளுக்கான பாடம் என்று டவுன்ஷிப்பில் எல்லோரும் இளக்காரமாகப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் உழைத்துச் செய்த ஒரே வேலை இந்தப் படம். ஒருவர் சொன்னார் என்பதற்காக அதை அழிக்க முடியாது. விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிரபாவதி


கொன்றைத்தாங்கல் காலனி,
1.7.2003

டீச்சரம்மா,

விசாரிக்கப் போறியா? யாரைப் போய் விசாரிப்ப, மறுபடி அவனையா?

வசந்தா 'விசாரிக்கப் போறீங்களா'ன்னு எழுதினா. நான் நீன்னுதான் சொன்னேன், அடிச்சுட்டு எழுதுன்னேன்.

அந்தப் பொண்ணு வந்தது நல்லா ஞாபகம் கீது. ரெட்டை சடை, செருப்பு வாரு அறுந்து கையில தூக்கினு வந்துது. அது பின்னாடியே கோதண்டராமன் ஆளு சைக்கிள நிறுத்திட்டு, வழி காட்ட வந்தவன் மாதிரி நின்னுகினு இருந்தான். அவன் நிக்கும்போது நான் இன்னா சொல்றது? என் புள்ள கார்த்தி கட்டட வேலைக்குக் கேளம்பாக்கம் போயிட்டான், என் மாடு கோதண்டராமன் நிலத்துலதான் மேயணும். நீ காலையில வந்து சாயந்தரம் பஸ் ஏறிட்ட. கோதண்டராமன் வூட்டுலதான் சாப்புட்ட. எங்க தெருவுல உக்காரக்கூட இல்ல. ஒரு சின்னப் பொண்ண அனுப்பி வெச்சுட்டு, வாய் திறக்கலன்னு என்ன ஏசற.

இப்ப சொல்றேன், எழுதிக்கோ. ஆடி மூணாம் வெள்ளி. கோயில்லேர்ந்து சாமி கிளம்பும்போது முன்னாடி மேளம் அடிக்கிறது நாங்க. எங்கப்பன் அடிச்சான், நான் அடிச்சேன். எங்க மேளம் இல்லாம சாமி கிளம்பாது. அடிச்சுகினே முன்னாடி போவோம். ஏரிக்கால்வா மதகு வந்ததும் நாங்க இந்தப் பக்கம் எறங்கிடணும், சாமி அந்தப் பக்கம் திரும்பிடும். மதகு மேல எங்க பொம்பளைங்க தட்டு வெச்சுகினு நிப்பாங்க. பூசாரி இந்தாண்ட வரமாட்டான். அங்கேர்ந்தே கற்பூரத்தை ஒரு தூக்கு தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவான். எங்கம்மா ஞானம்பா, சாகற வருஷம் காலு வராம, என் தோளப் புடிச்சுகினு அந்த மதகுல நின்னா. சாமி திரும்பிச்சு. முதுகத்தான் பாத்துச்சு கெழவி. பாத்துட்டு, "அவளுக்கு வழி தெரியலடா"ன்னா.

இதெல்லாம் இல்லன்னு ஆக்கிடுச்சு உன் சிவப்புக் கோடு. எங்கம்மா வூட்டு வாசல்லயே சாமியப் பாத்தா மாதிரி ஆக்கிடுச்சு.

அழிக்கிறியா, இல்ல நானே வந்து ஒடைக்கட்டுமா?

சடையப்பன்


கல்பாக்கம்,
9.7.2003

ஐயா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்தேன். உங்கள் அனுமதி கேட்கவில்லை. அதற்கும் திட்டுவீர்கள் என்று தெரியும்.

அனு அழுதாள். பின்னால் நின்ற ஆளை அவள் கவனிக்கவே இல்லையாம். நான்கூட அவர் கூட வந்ததை ஊர்க்காரர்களின் உபசாரம் என்றுதான் நினைத்தேன். பேட்டி எடுக்கும்போது கூட யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. ஊரில் முதலில் யார் வீட்டில் உட்கார்ந்தோம் என்பதிலேயே பாதிப் பதில் முடிவாகிவிட்டது.

போன சனிக்கிழமை பிள்ளைகள் உட்கார்ந்து படத்தைப் புதிதாக வரைந்தார்கள். சிவப்புக் கோடு மதகோடு நிற்கிறது, அங்கிருந்து திரும்பிப் போகிறது. மதகுக்கு உங்கள் காலனிப் பக்கம் மேளத்துக்கு ஒரு சின்னக் குறி. கீழே, 'முன்பு மாட்டிய படத்தில் உள்ள பாதை தவறானது. ஊர்வலம் காலனிக்குள் செல்வது வழக்கமில்லை' என்று எழுதி, பள்ளி முத்திரையோடு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்று ஆள் மூலம் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டேன். பழையதைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இனியாவது எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லாதீர்கள்.

பிரபாவதி


கொன்றைத்தாங்கல் காலனி,
14.7.2003

அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்ட.

முதல் கடுதாசிக்கு ஒம்போது நாள் கழிச்சுப் பதில் போட்டவ, இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது இவ்ளோ வேகம்?

நான் ரெண்டாவது கடுதாசி போட்டு அனுப்பினதுக்கு அப்பால ஞாயித்துக்கெழம கார்த்தி வூட்டுக்கு வந்தான். உன் கடுதாசிய வசந்தா அவனுக்குப் படிச்சுக் காட்டினா. எல்லாத் தெருவுக்கும் போவும்னு கோதண்டராமன் சொன்ன எடம் வந்ததும் அவன் எழுந்து நின்னுட்டான். "நைனா, எவன் அழிக்கச் சொன்னது? அவன் வாயால சொல்லி, அவன் கையால மாலை போட்டு மாட்டினதுய்யா இது. இதுதான்யா நமக்கு சாட்சி"ன்னான். எனக்கு ஒறைச்சிது. ரெண்டு பேரும் தெருவுல பத்துப் பேரக் கூட்டினு அன்னிக்கே போனோம். தலைவரே, நீங்க சொன்னபடி இந்த வருஷம் சாமி வரட்டும், சுவத்துல கூடக் கீதேன்னு கேட்டோம். அவனால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. போட்டோ வேற எடுத்து வெச்சுக்கிறான். பாக்கலாம் பாக்கலாம்னான். அவன் வாயிலேர்ந்து இல்லன்னு வரல. அதுவே எங்களுக்குப் பெருசு.

மூணாம் நாளு உன் புதுப் படம் வந்து எறங்கிச்சு.

இப்ப அவன் அதைத் தூக்கினு தாசில்தார்கிட்ட போயிட்டான். 'மாமூல்னா இன்னான்னு படிச்சவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, காலனிக்குள்ள போற வழக்கமில்லன்னு பள்ளிக்கூட சீலு குத்திக்கீது, காலனிக்காரனே கேட்டு வாங்கினது'ன்னு சொல்லிகினு திரியறான். திருவிழாவுல தகராறு வந்தா தாசில்தாரு இன்னா சொல்லுவாரு? இத்தினி நாளா நடந்த மாமூல் எதுவோ அதும்படின்னுதான் சொல்லுவாரு. அந்த மாமூலுக்கு இத்தினி வருஷமா எழுத்து கெடையாது. நீ எழுதிக் குடுத்துட்ட.

வர்ற 28ம் தேதி தாலுக்கா ஆபீசுல அமைதிக் கூட்டம். நீ வரணும். அவன் இன்னா சொன்னான்னு அத்தினி பேரு முன்னாடியும் சொல்லணும்.

சடையப்பன்


கல்பாக்கம்,
18.7.2003

திரு. சடையப்பன் அவர்களுக்கு,

முதலில் பொய் என்றீர்கள். அழி என்றீர்கள். ஒடைப்பேன் என்றீர்கள். உண்மையை வரைந்து அனுப்பினால் பாவி என்கிறீர்கள். நான் என் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கட்டும்? வேண்டும்போது பொய், வேண்டாதபோது உண்மை என்றா?

தாசில்தார் ஆபீசிலிருந்து எங்கள் பிரின்சிபாலுக்கு போன் வந்துவிட்டது. நேற்று என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். பள்ளி முத்திரையை யார் குத்தச் சொன்னது, ஊர்ச் சண்டையில் பள்ளியை ஏன் இழுக்கிறாய், இதற்குத்தான் சமூகவியல் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என்றார். கூட்டத்துக்குப் போனால் எழுத்தில் விளக்கம் கேட்பாராம். எங்கள் பள்ளியை நடத்தும் பிளான்ட்டில்தான் என் கணவருக்கும் வேலை. அவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உண்மையைச் சொன்னதற்காக என்னை எல்லோரும் திட்டுகிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் நிற்கிறீர்கள். அம்மன் உங்கள் தெருவுக்கு வந்ததுண்டு என்று நான் வந்து சொல்ல மாட்டேன். அது நடக்கவில்லை.

என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

பிரபாவதி


கொன்றைத்தாங்கல் காலனி,
21.7.2003

டீச்சரம்மா,

வந்துதுன்னு சொல்லச் சொல்லி உன்ன யாரு கேட்டது? வரல. அது எனக்குத் தெரியாதா, உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். வரும்னு அவன் சொன்னானா இல்லியா, அதத்தான் கேக்கறேன்.

எங்க தெருவுல எவன் சொன்னாலும் அங்க எடுபடாது. அவன் இளநீ வெட்டிக் குடுத்தது உனக்கு. அவன் பேசினது உங்கிட்ட. காதுல வாங்கினவ நீ. அப்பால உன் இஷ்டம்.

உன் புருஷன் ரெண்டு நாளாப் பேசலன்னு எழுதின. கோதண்டராமன் எங்க தெருப் பொம்பளைங்களுக்கு நடவு வேல இல்லன்னுட்டான். வசந்தாவுக்கும் இல்ல.

சடையப்பன்


கல்பாக்கம்,
29.7.2003

ஐயா,

காதில் வாங்கியவள் என்பதற்காகத்தான் நேற்று கூட்டத்துக்கு வந்தேன். நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆத்திரம் அடங்காது.

தாசில்தார் இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். முதல் படத்தின் கண்ணாடியில் மாலை போட்ட அன்று வைத்த சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. கோதண்டராமன் என்னைப் பார்த்ததும் வாங்கம்மா என்று நாற்காலி காட்டினார். அதே குரல், இளநீர் வெட்டிக் கொடுத்த குரல். ரெண்டாவது படம்தானே சரி, நீங்களே சொல்லுங்க என்றார். ஆமாம், நடந்தது ரெண்டாவது படம்தான் என்றேன். உங்கள் பக்கத்தில் கார்த்தி தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். என்னை முடிக்கவும் விடவில்லை நீங்கள் யாரும்.

முதல் படம் இவர் பிள்ளைகளிடம் சொன்னது என்றேன். அப்போ தலைவர் பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா என்று தாசில்தார் கேட்டார். அறை முழுக்கக் கோதண்டராமனின் ஆட்கள். "இல்ல சார். தலைவர் பொய் சொல்லல. எங்க பிள்ளைங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தார்" என்றேன்.

அதற்குப் பிறகு கோதண்டராமன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை சாமியை அனுப்ப வேண்டும். கடைசியில், சரி, வரட்டும் என்றார்.

இன்று காலை பிரின்சிபால் கூப்பிட்டார். அடுத்த வருடத்திலிருந்து சமூகவியலுக்குப் புதிய சேர்க்கை இல்லை. இருக்கிற பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் பாடம் மூடப்படும். அவர்களுக்கும் வேறு ஒருவர் பாடம் எடுப்பார். எனக்கு நாளையிலிருந்து ஆறாம் வகுப்பு. முதல் பாடம் என்ன தெரியுமா? வரைபடம் பார்ப்பது எப்படி.

நேற்று வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "இதப் பொங்கலப்பவே எங்க தெருவுல உக்காந்து கேட்டிருக்கலாம்." ஒரு நல்ல வார்த்தை உங்கள் வாயில் வராதா?

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. வந்தால் அழுதுவிடுவேன். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பிரபாவதி


கொன்றைத்தாங்கல் காலனி,
3.8.2003

டீச்சரம்மா,

வந்துது. ஆனா வந்துதுன்னு எழுதிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

முன்னாடி ஒரு போலீஸ் ஜீப்பு, பின்னாடி ஒரு ஜீப்பு. நாங்க மேளம் அடிச்சுகினு வந்தோம். மதகாண்ட எப்பவும் போல என் காலு தானா இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. கார்த்திதான் முதுகுல கை வெச்சு நேராத் தள்ளினான். திரும்பிப் பாத்தா, சாமி எங்க பின்னாடி மதகு மேல வருது. எங்க தெருப் பொம்பளைங்க தெருவக் கழுவிக் கோலம் போட்டு, வூட்டுக்கு வூடு தட்டு வெச்சுகினு நின்னாங்க. வசந்தா எங்கம்மா தட்ட வெளக்கி எடுத்தாந்திருந்தா.

அப்பால தூக்கினவனுங்க ஓட ஆரம்பிச்சுட்டானுங்க.

ஆமா, ஓட்டம். பொணத்தக் கூட இப்பிடித் தூக்கினு ஓட மாட்டாங்க. எங்கியும் எறக்கல, நிக்கல. பூசாரி ஆளக் காணோம். வசந்தா கற்பூரம் கொளுத்தறதுக்குள்ள தாண்டிட்டாங்க. நான் மேளத்தப் போட்டுட்டு நில்லுங்கடான்னு கத்தினேன். ஒருத்தன் ஓடிகினே சொல்றான், "வரணும்னுதான கேட்ட, வந்தாச்சு பெருசு." கோதண்டராமன் அந்தக் கோடியில நின்னு சிரிக்கிறான். வாக்கக் காப்பாத்திட்டானாம். எல்லாத் தெருவுக்கும் போவும்னுதான் சொன்னான், நிக்கும்னு சொல்லலியாம்.

மூணு நாளா எனக்கு சோறு எறங்கல. நம்ம தெருவுக்கு சாமி வந்துடுச்சுன்னு சின்னதுங்க குதிக்குதுங்க. அதுங்களுக்கு இன்னா தெரியும். அம்மன் முகம் எப்பிடி இருந்துதுன்னு கேட்டா ஒண்ணுக்கும் சொல்லத் தெரியல. நானும் பாக்கல.

இப்ப கேளுங்க. உங்க ரெண்டு படமும் தப்பு. ஒண்ணுல வருது, ஒண்ணுல வரல. மூணாவது ஒண்ணு போடுங்க. சிவப்புக் கோடு மதகைத் தாண்டட்டும். என் வூட்டாண்ட ஒரு புள்ளி வைங்க. நிக்க வேண்டிய எடம்னு எழுதுங்க. இந்த வருஷம் நிக்கலன்னும் பக்கத்துலயே எழுதுங்க. சீலு குத்துங்க, குத்தாட்டிப் போங்க. வர்ற ஆடிக்கு அந்தப் புள்ளியக் காட்டித்தான் கேக்கப் போறோம்.

உங்க படிப்ப மூடிட்டாங்கன்னு வசந்தா படிச்சா. எனக்குக் கோதண்டராமன்மேல வந்த ஆத்திரம் உங்க பெரிய வாத்தியார்மேலயும் வந்துது. ஆறாங்கிளாசு பசங்களுக்குப் படம்தானே சொல்லிக் குடுக்கறீங்க? அதுங்களக் கூட்டினு வாங்க. பஸ்ஸு மதகாண்ட நிக்காது, நான் ரோட்டுல நின்னு கை காட்டறேன். கோதண்டராமன் வூட்டுப் பக்கம் போகாம நேரா எங்க தெருவுக்கு வாங்க. சோறும் இங்கதான். யாரு சைக்கிள் நிறுத்திட்டு நின்னாலும் சரி, உங்க புள்ளைங்க கேக்கறதுக்கெல்லாம் நானே சொல்றேன்.

கேட்டீங்களே ஒரு நல்ல வார்த்தை. வாக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது.

சடையப்பன் (கைநாட்டு)